பாட்டக்கெட் அணி ஏன் வூஸ்டருக்குப் போனது?

செப்டம்பர் 28, 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

மாசசூசெட்ஸுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. வூஸ்டர் நகரில் வூசாக்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனேன். இந்த அணி முன்பு ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் என்ற ஊரில் இருந்தது, அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். கூட்டம் குறைந்தது, முதலாளி வேறு ஊர் பார்த்தார், அவ்வளவுதானே? கடையை மாற்றுவது போன்ற ஒரு விஷயம். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

செப்டம்பர் 28, இரவு

நான் அந்த ஊர்க்காரன். 2004 முதல் பாட்டக்கெட்டில் இருக்கிறேன். கோபம் ஆறாதவர்களில் ஒருவன்.

கூட்டம் குறைந்ததால் அணி போகவில்லை. அணி போகப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் கூட்டம் வெகுவாகக் குறைந்தது. 2005ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் எங்கள் ஊர் மெக்காய் மைதானத்துக்கு 6,88,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். பாட்டக்கெட்டின் மக்கள்தொகையே 75,000ஐ ஒட்டித்தான். விற்ற வீட்டில் விருந்து வைக்க யாருக்கும் மனம் வராது. 2015இல் அணியை விற்ற பிறகு எங்கள் நிலை அதுதான்.

நாளை விரிவாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 29

முதலில், பெரிய லீகுக்கு வீரர்களைத் தயார் செய்யும் இந்த மைனர் லீக் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் மீதிக் கதை பிடிபடாது.

எங்கள் பாட்டக்கெட் அணியான பாசாக்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற பெரிய லீக் அணியின் டிரிபிள் ஏ அணியாக இருந்தது. பெரிய லீகுக்கு ஒரே ஒரு படி கீழே. வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பாஸ்டன். யாரை மேலே கூப்பிடுவது, யாரைக் கீழே இறக்குவது என்பதும் பாஸ்டனின் முடிவு. உள்ளூர் முதலாளிக்கு வீரர்கள் மீது எந்த உரிமையும் இல்லை. நன்றாக ஆடுகிறவன் செவ்வாய்க்கிழமை இருப்பான், புதன்கிழமை பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் இருப்பான். ஆகவே உள்ளூர் முதலாளி விற்பது ஆட்டத்தை அல்ல. ஒரு கோடை மாலையை விற்கிறார். இருக்கை, சோளப்பொரி, பிள்ளைகள் ஓடியாட இடம். அவர் கையில் உண்மையாக இருக்கும் சொத்து ஒன்றே ஒன்று: இந்த லீகில் ஓர் இடத்துக்கான உரிமம். அது எந்த ஊரில் நின்றாலும் செல்லும்.

உரிமத்துக்குச் சக்கரம் உண்டு, ஊருக்குக் கிடையாது. எங்கள் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும். ஆனாலும் முழுவதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

செப்டம்பர் 30

மெக்காய் மைதானம் 1942இல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் கட்டினார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுத்த அரசுத் திட்டத்தில் எழுந்த கட்டடம். அப்போதைய மேயர் தாமஸ் மெக்காய் பிடிவாதமாக நின்று கட்டினார். தளவாடங்களைச் சேறு விழுங்கியது, செலவு எகிறியது, ஊரே திட்டியது. பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்தச் சேறுதான் மைதானத்துக்கு அதன் வடிவத்தைக் கொடுத்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லுவார். கட்டடக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று நான் கேட்டதில்லை. வடிவத்தை மட்டும் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். வழக்கமாக வீரர்கள் அமரும் இடம் தரையைத் தோண்டிப் பள்ளத்தில் இருக்கும். மெக்காயில் அது தரைமட்டத்திலேயே, பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்தால் வீரர்கள் உங்கள் காலுக்குக் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமான ஆழத்தில் இருப்பார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். கையெழுத்து வாங்குவது எப்படி?

தூண்டில் போட்டுத்தான். காலியான பால் கேனைப் பக்கவாட்டில் வெட்டி, உள்ளே ஒரு பந்தையும் பேனாவையும் வைத்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். கீழே இருப்பவர் மனம் வைத்தால் பந்தை எடுத்துக் கையெழுத்திட்டுத் திரும்பப் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு இழு இழுப்பார். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் அந்தச் சுவர் முழுக்க வெள்ளைக் கேன்கள் ஆடிக்கொண்டிருக்கும். என் மகளுக்கு ஐந்து வயதில் அவள் கேனுக்கு நான் சிவப்பு வண்ணம் பூசிக் கொடுத்தேன். அந்தப் பருவத்தில் அவள் மூன்று கையெழுத்துகள் பிடித்தாள். அந்த மூவரில் ஒருவர்கூடப் பெரிய லீகில் நிலைக்கவில்லை. மூன்று பந்துகளும் இன்னும் அவள் அலமாரியில்தான் இருக்கின்றன.

அக்டோபர் 3

இன்று அணியின் பழைய முதலாளி பென் மாண்டர் இறந்த நாள். 2010, இதே தேதி. அவரைப் பற்றி எழுதாமல் இந்த இழையை நகர்த்த முடியாது.

1976இன் கடைசியில் அணி திவால். பேரைக்கூட ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ் என்று மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. மைதானம் அழுக்கு, கடன்காரர்கள் வாசலில். அப்போதுதான் மாண்டர் வந்தார். கியூபெக்கில் பிறந்து, வூன்சாக்கெட்டில் வளர்ந்து, பஞ்சாலைத் தொழிலில் சம்பாதித்து, ஓய்வு பெற்றிருந்தவர். பாட்டக்கெட்காரரும் முன்னாள் வீரருமான செட் நிக்கல்ஸ் அவரை வற்புறுத்தி இழுத்து வந்தார். மாண்டருக்கு பேஸ்பால் வியாபாரம் தெரியாது. மக்களை வீட்டுக்கு அழைத்து உட்கார வைக்கத் தெரியும்.

1977இல் அணி லீகில் முதலிடம் பிடித்தது. அப்போதும் ஆட்டத்துக்குச் சுமார் ஆயிரம் பேர்தான். அவர் மைதானத்தைக் கழுவினார், வண்ணம் பூசினார், டிக்கெட் விலையைக் கட்டி வைத்தார். வாகனம் நிறுத்தக் காசு வாங்கவில்லை. ஒரு குடும்பம் நான்கு பேராக வந்து திரும்பும்போது பணப்பையைத் தடவிப் பார்க்கக் கூடாது என்பது அவர் எண்ணம். நான் வந்த பிறகும் அப்படித்தான் இருந்தது. சம்பளம் வர இன்னும் நான்கு நாள் இருக்கும் வாரத்திலும் நாங்கள் மெக்காய்க்குப் போயிருக்கிறோம்.

நான் கோவையில் பஞ்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்தவன். பாட்டக்கெட்டும் ஆலை ஊர். அமெரிக்காவில் வெற்றிகரமாக இயங்கிய முதல் பஞ்சாலையைச் சாமுவேல் ஸ்லேட்டர் 1793இல் பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் கட்டியது இங்கேதான். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய ஊரில், சாயங்காலம் விளக்கு எரியும் இடமாக மிச்சம் இருந்தது அந்த மைதானம். அதைத் தூக்கி நிறுத்தியவர் ஓர் ஆலைக்காரர் என்பது எனக்குப் பெரிய விஷயம். வேறு யாருக்கும் பெரிதாகப் படாமல் போகலாம்.

அக்டோபர் 4

"மிக நீண்ட ஆட்டம் இங்கேதானே நடந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம்.

1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு. எதிரணி ராச்செஸ்டர். விளக்குக் கோளாறால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 1-1. சமனானால் முடிவு கிடைக்கும்வரை ஆட வேண்டும். 21ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டபோது வேட் போக்ஸ் அடித்த அடியில் மறுபடி 2-2. நள்ளிரவுக்குப் பிறகு கடுங்குளிர். வீரர்கள் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர் காய்ந்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி அந்த ஆண்டு நடுவர்களிடம் இருந்த பிரதியில் விடுபட்டுப் போயிருந்தது. லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து நிறுத்தச் சொல்ல வைக்கும்போது விடியற்காலை 4 மணி 7 நிமிடம். 32 இன்னிங்ஸ். அப்போது அரங்கில் மிச்சம் இருந்தவர்கள் 19 பேர். மாண்டர் அந்த 19 பேருக்கும் பருவச் சீட்டு கொடுத்தார்.

மீதி ஆட்டம் ஜூன் 23 அன்று. பெரிய லீகில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால் நாடெங்கிலும் இருந்து செய்தியாளர்கள் வந்து குவிந்தார்கள். 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. 33ஆவது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்தார், மார்ட்டி பாரெட் ஓடி வந்தார், 3-2. இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு பேர் பிற்பாடு பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள்: போக்ஸ், எதிரணியில் ஆடிய கால் ரிப்கன். ஆட்டத்தை முடித்து வைத்த கோசா பெரிய லீகில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இன்னொன்று. பாட்டக்கெட்டின் பந்து வீச்சாளர் லூயிஸ் அப்போன்டே தன் முறை முடிந்து விடியற்காலையில் வீட்டுக்குப் போனபோது, இந்நேரம் வரை ஆட்டம் நடந்தது என்பதை அவர் மனைவி நம்பவில்லை. காலைப் பேப்பரைப் பார் என்றாராம். காலைப் பேப்பரிலும் வரவில்லை, ஏனென்றால் அச்சுக்குப் போகும்போது ஆட்டம் முடியவே இல்லை! இதை என் மகள் எத்தனை முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாள்.

அக்டோபர் 5

போகிற போக்கில்: பாசாக்ஸின் பொம்மைச் சின்னம் பாஸ் என்ற வெண்கரடி. இப்போது வூஸ்டரில் மைதானத்தின் பெயர் போலார் பார்க். குளிர்பான நிறுவனத்தின் பெயர் அது, அவர்கள் சின்னமும் வெண்கரடிதான். கரடிக்கு மட்டும் வழி முன்பே தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 7

இனி கசப்பான பகுதி.

மாண்டரின் மனைவி 2015 பிப்ரவரியில் அணியை விற்றார். வாங்கிய குழுவில் முன்னணியில் இருந்தவர்கள் இருவர்: ரோட் ஐலண்ட் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டன், ரெட் சாக்ஸின் தலைவராக இருந்த லாரி லுக்கினோ. வாங்கிய கையோடு, மெக்காய் பழசாகிவிட்டது, அணியை மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். ஆற்றங்கரையில், பழைய நெடுஞ்சாலையை அகற்றியதால் கிடைத்த நிலத்தில் புது மைதானம். மாநிலம் 30 வருடங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர் தர வேண்டும். மொத்தம் 12 கோடி டாலர்.

மக்கள் கொதித்தார்கள். எங்கள் தெருவிலேயே எதிர்ப்பு அட்டைகள். மே மாதம் ஸ்கெஃபிங்டன் ஓடப் போன இடத்தில் திடீரென இறந்துபோனார். அந்த ஆண்டு செப்டம்பருக்குள் பிராவிடன்ஸ் திட்டம் செத்துவிட்டது.

அடுத்து பாட்டக்கெட்டுக்குள்ளேயே, ஸ்லேட்டர் ஆலைக்கு அருகில் ஒரு திட்டம். 8 கோடியே 30 லட்சம் டாலர். அணி 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, நகரம் 1.5 கோடி. பாதிக்கு மேல் அணியே போடுவதாகச் சொன்ன திட்டம். செனட் நிறைவேற்றியது. கீழவை மாதக் கணக்கில் உட்கார்ந்துகொண்டது. 2018 ஜூனில் ஒரு வழியாக நிறைவேற்றினார்கள், ஆனால் கடன் பத்திரங்களுக்கு மாநிலம் உத்தரவாதம் தராது என்று மாற்றி. உத்தரவாதம் இல்லையென்றால் வட்டி ஏறும், அந்தச் சுமை அணி தலையில். இதற்கிடையே வூஸ்டர் பேசி முடித்துவிட்டது. ஆகஸ்ட் 17, 2018 அன்று அறிவிப்பு வந்தது. அணி போகிறது.

அன்று மாலை நான் மெக்காய்க்குப் போய் வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் சிலரும் அப்படி வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இறங்கிப் பேசவில்லை.

என் கோபம் முழுக்கச் சட்டமன்றத்தின் மீது. கொடுக்க மனமில்லையென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்டு என்று சொல்லியிருந்தால் அணி இருந்திருக்கும். இரண்டும் இல்லாமல் இழுத்தடித்தார்கள்.

அக்டோபர் 8, காலை

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சட்டமன்றத்தைத் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

38 ஸ்டுடியோஸ் பற்றி நான் சொல்லவே இல்லை. அதைச் சொல்லாமல் இந்த மாநிலத்தைத் திட்டுவது நியாயம் ஆகாது. 2010இல் ரோட் ஐலண்ட் ஒரு வீடியோ கேம் நிறுவனத்துக்கு 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. நிறுவனத்தின் சொந்தக்காரர் கர்ட் ஷில்லிங். 2004இல் கணுக்காலில் ரத்தம் கசியக் கசியப் பந்து வீசிய ரெட் சாக்ஸ் நாயகன். 2012இல் நிறுவனம் திவால். அந்தக் கடனில் ஒரு பங்கை நாங்கள் வரியாகக் கட்டினோம். மூன்றே வருடங்களில் ரெட் சாக்ஸ் பேரைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கூட்டம் வந்து மாநிலத்திடம் பணம் கேட்டால்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

பிராவிடன்ஸ் திட்டத்துக்கு எதிரான கையெழுத்து இயக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். இதை நேற்று எழுதாமல் விட்டது தவறு. வேண்டாம் என்று சொன்ன பல்லாயிரம் பேரில் நானும் ஒருவன். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். அதைக் கேட்டவர்கள் இந்த மாநிலத்துக்கு அணி வேண்டாம்போல என்று புரிந்துகொண்டிருக்கலாம்.

அக்டோபர் 8, இரவு

திருத்தம். முந்தைய குறிப்புகளைப் படித்த ஒருவர், "ஐம்பது வருடமாக ஒரே அணியா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. இதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

1970இல் பாட்டக்கெட்டுக்கு வந்தது ஒரு படி கீழான டபிள் ஏ அணி. பிட்ஸ்ஃபீல்டிலிருந்து வந்தது. பிற்பாடு ரெட் சாக்ஸ் நட்சத்திரமான கார்ல்டன் ஃபிஸ்க் இங்கே ஆடியது அந்த அணிக்காகத்தான். 1973இல் அது கனெக்டிகட்டின் பிரிஸ்டலுக்குப் போய்விட்டது. அதே ஆண்டு டிரிபிள் ஏ அணி வந்து சேர்ந்தது. எங்கிருந்து? கென்டக்கியின் லூயிவில் நகரிலிருந்து. அங்கே மைதானத்தைக் கால்பந்துக்காக, அதாவது அமெரிக்கக் கால்பந்துக்காக, மாற்றிக் கட்டினார்கள். பேஸ்பாலுக்கு இடமில்லை. அணி கிளம்பியது, நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டோம்.

லூயிவிலுக்கு அது எங்கிருந்து வந்தது? 1968இல் டொராண்டோவிலிருந்து. அங்கே அதன் பெயர் மேப்பிள் லீஃப்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய அணி.

டொராண்டோ, லூயிவில், பாட்டக்கெட், வூஸ்டர். ஒரே உரிமம், நான்கு ஊர்கள்.

அக்டோபர் 9

தூக்கம் வரவில்லை. டொராண்டோ விஷயத்தை நோண்டிக்கொண்டிருந்தேன்.

1914 செப்டம்பர் 5. டொராண்டோவின் ஹேன்லன்ஸ் பாயிண்ட் மைதானம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் டொராண்டோ அணிக்கு எதிராகத் தன் தொழில்முறை வாழ்வின் முதல் ஹோம் ரன்னை அடிக்கிறான். பின்னாளில் பேஸ்பாலின் பெரும் நட்சத்திரமான பேப் ரூத். மைனர் லீகில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அது. அவர் ஆடிய அணி எது தெரியுமா? பிராவிடன்ஸ் கிரேஸ். எங்கள் ரோட் ஐலண்ட்.

அதாவது ரோட் ஐலண்ட் அணிக்காக ரூத் எந்த அணியிடம் முதல் ஹோம் ரன் அடித்தாரோ, அதே உரிமம்தான் ஐம்பத்தொன்பது வருடம் கழித்து ரோட் ஐலண்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. மணி இரண்டு. இங்கே எழுதிவிட்டேன்.

அக்டோபர் 12

லூயிவில்காரர் யாராவது 1973இல் என்னைப் போல் உட்கார்ந்து அழுதிருப்பாரா என்ற யோசனை மூன்று நாளாக விடவில்லை. நிச்சயம் யாரோ ஒருவர் இருந்திருப்பார். எங்களுக்கு அணி வந்தபோது அவரைப் பற்றி யாரும் இங்கே கேட்கவில்லை.

வூஸ்டரையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தேன். அவர்கள் ஒன்றும் திருடர்கள் அல்லர். ஐஸ்கேட்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி 2005இல் பியோரியாவுக்குப் போனது. பின்னால் வந்த ஷார்க்ஸ் 2015இல் சான் ஹோசேவுக்குப் போனது. டொர்னேடோஸ் என்ற சுயேச்சை பேஸ்பால் அணி 2012இல் மூடியது. இத்தனையும் இழந்த ஊர். அதற்கும் முன்னால், 1880இல் அங்கே பெரிய லீக் அணியே இருந்தது. பெரிய லீக் வரலாற்றின் முதல் பெர்ஃபெக்ட் கேமை லீ ரிச்மண்ட் வீசியது 1880 ஜூன் 12 அன்று அந்த ஊரில்தான். ஓர் எதிராளியைக்கூட முதல் பேஸைத் தொட விடாமல் ஆட்டம் முழுவதையும் வீசி முடிப்பது. இரண்டு வருடம் கழித்து அந்த அணியும் போய்விட்டது.

வூஸ்டர் மலிவாக வாங்கவில்லை. போலார் பார்க்கின் செலவு தொடக்க மதிப்பீடான சுமார் 10 கோடி டாலரில் நிற்காமல் 16 கோடியை எட்டியது, பெரும்பகுதி நகரம் வாங்கிய கடன். பாட்டக்கெட்டின் 8.3 கோடியுடன் வைத்துப் பாருங்கள். அந்தக் கடனை நாங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதது பிழையா, பிழைப்பா? ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது.

அக்டோபர் 13

பிளாக்ஸ்டோன் ஆற்றைப் பற்றி ஒரு சொல். அது வூஸ்டரில் தொடங்குகிறது, பாட்டக்கெட்டில் அருவியாக விழுந்து உப்பு நீரில் கலக்கிறது. வூஸ்டர் தலைமடை, நாங்கள் கடைமடை. போலார் பார்க் இருக்கும் பகுதிக்குக் கால்வாய் வட்டாரம் என்று பெயர் வந்ததே, 1828இல் அங்கிருந்து பிராவிடன்ஸுக்கு வெட்டிய கால்வாயால்தான். தண்ணீர் எப்போதும் மேலிருந்து கீழே எங்களை நோக்கி வந்தது. அணி மட்டும் எதிர்த்துப் போய்விட்டது, சுமார் 40 மைல்.

அக்டோபர் 19

கடைசி ஆட்டம் எப்போது என்று கேட்டவருக்கு: 2019 செப்டம்பர் 2, தொழிலாளர் தினம். அதுதான் கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது. 2020 முழுவதும் விடைபெறும் பருவமாகத் திட்டமிட்டிருந்தார்கள். கொரோனா வந்து அந்தப் பருவமே ரத்து.

அதற்குப் பதிலாக அந்தக் கோடையில் மைதானத்தின் புல்தரையில் இடைவெளி விட்டு மேசைகள் போட்டு இரவு உணவு பரிமாறினார்கள். டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது, மூன்றாவது பேஸுக்குக் கொஞ்சம் பின்னால். பதினாறு வருடம் மேலே இருந்து பார்த்த மண்ணில் முதல் முறையாகக் கால் வைத்தேன். மகள் சாப்பிடவில்லை. எழுந்துபோய் வீரர்கள் அமரும் அந்த இடத்துக்குள் நின்று மேலே அண்ணாந்து பார்த்தாள். முகம் தெரியாத அந்தக் குரல்கள் எங்கிருந்து வந்தன என்று அன்றுதான் பார்த்தாள். திரும்பி வந்து, "அப்பா, இங்கே இருந்து பார்த்தால் கேன் மட்டும்தான் தெரியும், நம்மைத் தெரியாது" என்றாள்.

பிறகு மெக்காய் கொரோனா பரிசோதனை இடம் ஆனது. மூக்கில் குச்சி விட்டுக்கொள்ள அதே வாகன நிறுத்துமிடத்தில் வரிசையில் நின்றேன்.

அக்டோபர் 20

மாண்டர் பற்றி நான் அக்டோபர் 3 அன்று எழுதியது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் படித்துச் சொன்னேன். "பென் நல்ல மனிதர். ஆனால் 1999இல் மெக்காயைப் பெரிதாக்கிப் பத்தாயிரம் இருக்கை போட்டது பொதுப் பணத்தில்தான். அதை மறக்காதே" என்றார்.

சரிதான். மாண்டர் காலத்திலும் ஊர் பணம் கொடுத்தது. வேறுபாடு என்ன என்றால், அவர் கேட்டபோது ஊர் அவரை நம்பியது. முப்பது வருடமாக அவர் விலையை அதிகம் ஏற்றவில்லை, வாசலில் நின்று கைகுலுக்கினார், அந்த நம்பிக்கை அவருடையது. அது அவரோடு போய்விட்டது. அணி ஊரில் இருக்கும் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆவணம் அந்த மனிதர்தான். ஒரு முழுத் தலைமுறை அதைப் போதும் என்று நினைத்துக்கொண்டோம்.

லுக்கினோவையும் நான் வில்லனாக்கியிருக்கிறேன். பால்டிமோரில் நகரின் நடுவே கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தை 1992இல் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஊர் நடுவில் மைதானம் இருந்தால் ஊர் உயிர்க்கும் என்று மெய்யாகவே நம்பியவர். 2024இல் இறந்தார். அதற்குச் சற்று முன்னால் அணி ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது, பல ஊர்களில் பல அணிகளை வைத்திருக்கும் நிறுவனம். இதை வூஸ்டர் நண்பர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். பகையில் சொல்லவில்லை.

அக்டோபர் 26

இன்னும் ஒரு கணக்கு. 2020இல் மேஜர் லீக் பேஸ்பால் மைனர் லீகுகள் முழுவதையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, 160 அணிகளை 120 ஆகக் குறைத்தது. மைதானங்களுக்குப் புதிய தர விதிகள் போட்டது. எங்களுக்கு வடக்கே லோவெல் ஊரில் இருந்த ரெட் சாக்ஸ் கிளை அணி அந்த வெட்டில் போனது. மெக்காயில் அணி இருந்திருந்தால் 1942இன் கட்டடத்தை அந்த விதிகளுக்குள் கொண்டுவர எத்தனை கோடி ஆகியிருக்கும்? 2018இல் தப்பித்திருந்தால் 2021இல் மாட்டியிருப்போமோ?

இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுக்கொண்டிருந்தால் அந்த முதல் குறிப்பை அத்தனை சூடாக எழுதியிருக்க மாட்டேன். அழித்துவிடவும் போவதில்லை. அன்றைய மனம் அது.

நவம்பர் 2

நேற்று மெக்காய் இருந்த இடத்துக்குப் போனேன். இந்த ஆண்டு இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஊரின் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றாக்கிப் புதுப் பள்ளி வரப்போகிறது. 2022இல் அதற்கு வாக்களித்தோம், நானும் ஆம் என்றுதான் போட்டேன். வேலி போட்டிருந்தார்கள். மேலே ஏறும் சாய்தளச் சுவர்களில் பழைய வீரர்களின் பெரிய படங்கள் வரைந்திருப்பார்கள், என் மகள் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே ஏறுவாள். அந்தச் சுவர் நின்ற பக்கம் இப்போது வெறும் வானம்.

ஆற்றங்கரையில் புதிதாகக் கால்பந்து மைதானம் இந்த மே மாதம் திறந்தார்கள், ரோட் ஐலண்ட் எஃப்சி ஆடுகிறது. இரண்டு ஆட்டங்கள் பார்த்தேன். நல்ல கூட்டம், நல்ல சத்தம். மகளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு இன்னும் அந்த ஆட்டம் பழகவில்லை.

நவம்பர் 3

கேள்வி கேட்ட நண்பருக்கு நேராக ஒரு பதில். வூஸ்டரில் தொடர்ந்து ஆட்டம் பாருங்கள். நானும் 2022இல் ஒரு முறை போனேன். நல்ல மைதானம். இடது பக்கம் ரயில் போகிறது, ரயில்காரர் ஊதல் ஒலித்தால் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. மஞ்சள் சிரிப்பு முகத்தை 1963இல் வரைந்த ஹார்வி பால் வூஸ்டர்காரர், அந்த முகம் மைதானம் முழுக்க இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு சிறுமி அப்பாவின் தோளில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தாள். அவளிடம் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்?

பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதும் உண்மைதான். கோபம் இருக்கிறது.

நவம்பர் 5

பால் கேனை எப்படி வெட்டுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மகனுக்குச் செய்து காட்ட வேண்டுமாம். போலார் பார்க்கில் நாங்கள் இருந்த பக்கம் அதற்குத் தேவையே இல்லை, கை நீட்டினால் போதும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு காலன் கேன் எடுங்கள். நன்றாகக் கழுவுங்கள், இல்லையென்றால் வெயிலில் நாறும். கைப்பிடி மேலே இருக்கட்டும், அதில்தான் கயிறு. கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத்தில், அடியிலிருந்து நான்கு விரல் விட்டு, ஒரு கை உள்ளே போய் வரும் அளவுக்குச் சதுரமாக வெட்டுங்கள். அந்த நான்கு விரல் முக்கியம், குறைத்தால் பந்து உருண்டு விழுந்துவிடும். வெட்டிய விளிம்பில் ஒட்டுநாடா சுற்றுங்கள், வீரரின் விரலைக் கிழிக்கக் கூடாது. பேனாவைத் தனியாக ஒரு சிறு நூலில் கேனோடு கட்டிவிடுங்கள், நாங்கள் முதல் வருடம் நான்கு பேனா இழந்தோம். பிள்ளையின் பெயரைக் கேனில் பெரிதாக எழுதுங்கள், கீழே இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கயிறு பன்னிரண்டு அடி இருக்கட்டும், முனையைப் பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுங்கள். இழுப்பு தெரிந்ததும் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். சுவரில் இடித்தால் மை காய்வதற்குள் கையெழுத்து கலைந்துவிடும்.